சொம்புத் தண்ணீர் ஆடவில்லை

ஏழுமலை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு "சாப்டியா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது, அது உனக்கே தெரியும். இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் உன் நைனா டிவியை அலறவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சத்துணவுக் கூடத்தைத் திறந்து, கவிழ்த்து வைத்த அண்டா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் சிரித்துக்கொள். சாயங்காலம் உன் நைனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூரியரில் போட்டுவிடுவார். திங்களோ செவ்வாயோ பெங்களூரில் உன் கைக்கு வந்துவிடுமாம். நீ கையெழுத்துப் போட வேண்டிய நாள் புதன்கிழமை என்றாய், அதனால்தான் இந்த அவசரம்.

நீ கேட்டது இதுதான். மூன்று வருஷமாக நீ உட்கார்ந்து வடிவமைத்த அந்தக் கருவி, அரிசிமணி அகலம்கூட இல்லாத அந்தச் சில்லு, பஸ்ஸிலும் காரிலும் பொருத்தப் போகிறார்கள். வண்டி வளைவில் திரும்புகிற வேகத்தை அது உணர்ந்து சொல்ல வேண்டும். வண்டி கட்டுப்பாட்டை விட்டுச் சுழலப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் தானே பிடிக்கும். ஏசி அறையில் சோதித்தால் அது ஒழுங்காக இருக்கிறது. எஞ்சின் சூட்டுக்கு அதைச் சூடாக்கினால், மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதே சுற்றுகிறேன் சுற்றுகிறேன் என்று சொல்கிறது. உன் அதிகாரி, "ஏசி ரூம் ரிசல்ட்டை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு, மீதியை அடுத்த லாட்டில் பார்த்துக்கலாம்" என்கிறார். நீ போடாவிட்டால் வேலை இருக்குமா என்பதே சந்தேகம். "இன்னா பண்ணட்டும்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "பெரியவங்க சொன்னா கேளுடா. வேலையப் பேஜார் பண்ணிக்காத" என்றேன். நீயும் "சரிம்மா" என்றாய்.

அந்த "சரிம்மா"வை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இந்த வாரம் முழுக்க உலை கொதிக்கும்போதும் அதுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நாம் இரண்டு பேரும் பதிமூன்று வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நான் பேசுகிறேன்.

நீ ஐந்தாவது படித்த வருஷம் ஆடி மாசம். நம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றபோது பம்பை அடித்தார்கள். சட்டியை இறக்கலாம் என்று தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். கோயில், வேப்பமரம், ஜனங்கள் எல்லாம் இடதுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினேன், கண் மேலே செருகியது, விழுந்தேன். எழுந்தபோது என் தலையில் மஞ்சள் தண்ணீர், கையில் வேப்பிலை, எதிரே கற்பூரத் தட்டு. "ஆத்தா, இன்னா கொற வெச்சோம் சொல்லு" என்று ஊர்ப் பெரியவரே என் காலடியில் நின்றார். எனக்கு வாந்தி வருவது போலிருந்தது. "தண்ணி" என்றேன். ஆத்தா தண்ணீர் கேட்கிறாள் என்று குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சிரிக்காதே. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், எனக்குப் பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் அந்தத் தெருவில் நான் யார்? டிராக்டர் ஓட்டுகிறவன் பெண்டாட்டி, சோறாக்குகிறவள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு "இன்னும் நீ துன்னலயா?" என்று கேட்கப்படுகிறவள். அந்த ஆடிக்குப் பிறகு முதல் குவளைக் கூழ் எனக்குத்தான். செவ்வாய், வெள்ளியில் வாசலில் வந்து நின்று குறி கேட்டார்கள். காணாமல் போன மாடு, தள்ளிப்போகிற கல்யாணம், மழை. எனக்கு அந்தத் தலைசுற்றல் எப்போது வரும் என்று தெரிந்துபோயிருந்தது. இடதுபக்கமாகச் சடாரென்று தலையைத் திருப்பினால் வரும். வரவழைக்கவும் செய்தேன். அம்மன் இல்லை என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன், அவள்தான் நம்மைக் காப்பாற்றுகிறாள். ஆனால் அன்று என்மேல் வந்தது அவள் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ ஒருத்தன்தான். மற்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள், நீ என் கண்ணைப் பார்த்தாய். "அம்மா, உனக்கு சாமி வர்றப்ப கண்ணு ஒரே பக்கமா துடிக்குதும்மா. எப்பவும் அதே பக்கந்தான்" என்று ஒருநாள் சொன்னாய். இன்னொரு நாள் காலையில் பாயில் புரண்டு படுத்ததும் வீடு சுற்ற, "வூடே சுத்துதுடா" என்று நான் பாயைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நீ போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து என் முகத்துக்கு நேரே தரையில் வைத்தாய். விளிம்பு வரைக்கும் தண்ணீர். "பாரும்மா. தண்ணி ஆடல. வூடு சுத்தினா தண்ணி ஆடணும் இல்ல? வூடு சும்மாதான் கீது" என்றாய். நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மெல்ல மெல்ல வீடு நின்றது. அன்றைக்கு உனக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. உன்னை அணைத்து ஒரு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். "வெளில போய் ஒளறாத" என்றுதான் சொன்னேன்.

அடுத்த ஆடியில் நீ உளறினாய். நம் எதிர்வீட்டு வேண்டா, அவள் மகள் சுமதியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். பிள்ளைக்கு நாலு வயசு. மூன்று நாளாகக் காய்ச்சல், கழுத்து விறைத்துக் கிடந்தது. "ஆத்தா, காஞ்சிவரம் ஆஸ்பத்திரிக்கு எத்துகினு போவட்டுமா, வோணாமா?" என்று கேட்டாள். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, பிள்ளை முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. வேப்பிலையால் தடவி, "மூணு நாள் பொறு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அப்போது நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கத்தினாய். "எங்கம்மாவுக்கு சாமி இல்ல! தல சுத்துது! ஆஸ்பத்திரிக்குப் போ சித்தி, இப்பவே போ!" பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊரே என்னைப் பார்த்தது. நான் எழுந்து உன்னை ஓங்கி ஒரு அறை விட்டேன். ஆத்தாவே அறைந்தாள் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு, "இனிமே வாயத் தொறப்பியா?" என்று கேட்டேன். கன்னம் வீங்கியிருந்தது. நீ அழவில்லை. "சரிம்மா, தொறக்கல" என்றாய்.

வேண்டா என் பேச்சைக் கேட்கவில்லை, உன் பேச்சைக் கேட்டாள். அன்று மத்தியானமே மானாம்பதி ரோட்டில் நின்று கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். மூளைக்குப் போகிற காய்ச்சல், இன்னும் ஒருநாள் தாண்டியிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இருபது நாள் கழித்துப் பிள்ளையோடு திரும்பி வந்தாள். நான் போய்ப் பார்த்தேன், பிள்ளைக்கு ரொட்டிப் பாக்கெட் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நோய்க்குக் குறி கேட்டு வந்தால், "ஆத்தா எறங்க மாட்டேங்கறா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறியே நின்றுபோனது. ஆனால் முதல் குவளைக் கூழை வருஷா வருஷம் வாங்கிக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

நீ என்ன செய்தாய்? கோபித்துக்கொண்டு ஓடவில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜில் சேர்ந்து, கல்வி உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினாய். தலை சுற்றினால் காதுக்கு ஏன் வைத்தியம் என்று உன் நைனா பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். காதுக்குள்ளே மூன்று வளையம், அதில் தண்ணீர், தலை திரும்பினால் அந்தத் தண்ணீர் பின்தங்கும், அதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரியும், உங்களுக்கு அதில் ஒரு வளையம் கெட்டு, திரும்பாதபோதும் திரும்புவதாகச் சொல்லுது என்றார். நான் வைத்தியம் என்ன என்று கேட்டேன், குறையும், ஆனால் அவ்வப்போது திரும்ப வரும் என்றார். நீயோ அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வளையம் எவ்வளவு பெரிசு, எவ்வளவு மெதுவாகத் திரும்பினால் தெரியும் என்று டாக்டரைத் துளைத்தெடுத்தாய். வெளியே வந்து, "அம்மா, இதே மாதிரி ஒண்ணு மனுசன் செய்யறான்மா, சிலிக்கான்ல" என்றாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் கோளாறிலிருந்து உனக்கு ஒரு படிப்பு கிடைத்ததே என்று அன்று எனக்குள் ஒரு கர்வம். நானாகப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு இருப்பது அதுதான், விடமாட்டேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ அதை எங்களுக்கு விளக்கினாயே, அது ஞாபகமிருக்கிறதா? என் மாவுச் சல்லடையை எடுத்து உன் நைனா கையில் கொடுத்து, "நைனா, இடது வலதா ஆட்டு. ஆட்டிக்கினே அப்படியே நின்ன எடத்துல சுத்து" என்றாய். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் சுற்றினார். நாலு சுற்று சுற்றிவிட்டு, "அடேய், நான் நேராத்தான்டா ஆட்டறேன், இது குறுக்கால இழுக்குது!" என்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. "அதான் நைனா விஷயம்" என்று நீ கைதட்டினாய். உன் சில்லுக்குள்ளேயும் ஒரு துளியூண்டு கட்டி, முடியைவிட மெல்லிய வில்லில் தொங்கிக்கொண்டு, ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடதும் வலதும் ஆடுகிறது. வண்டி திரும்பினால் அது குறுக்கே இழுபடும். ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோத்து வைத்திருக்கிறாய், குறுக்கே எவ்வளவு நகர்ந்தது என்று அந்தப் பல்லுக்குள் இருக்கிற மின்சாரம் சொல்லிவிடும். நான் புரிந்துகொண்டேனா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். உன் அதிகாரிக்கு இதைவிடத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

உன் சங்கடம் எங்கே என்றும் அன்றே சொன்னாய். நாலு வில்லும் ஒரே பருமனாக வரவேண்டும். செதுக்கும்போது ஒன்று இம்மி தடித்தால்கூட, கட்டி நேராக ஆடாமல் தானாகவே கொஞ்சம் குறுக்கே போகும். சூடேறினால் இன்னும் போகும். அப்போது வண்டி நேரான ரோட்டில் போகும்போதே, திரும்புகிறது என்று சொல்லும். பிரேக்கும் அதை நம்பி ஒரு பக்கத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். அதற்கு நீ வழியும் வைத்திருக்கிறாய். ஒரு கட்டிக்குப் பதில் இரண்டு கட்டி, எதிரும் புதிருமாக ஆட வேண்டும். சூடோ குலுக்கலோ இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும், அதைக் கழித்துவிடலாம். நிஜமாகவே திரும்பினால்தான் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகும். இதைத் திரும்ப வரைந்து செய்து பார்க்க எட்டு மாதம் வேண்டும் என்றாய். அந்த எட்டு மாதத்தைத்தான் உன் அதிகாரி தர மாட்டேன் என்கிறார், இல்லையா?

எனக்கு அதிகாரியைத் தெரியாது. ஆனால் நிற்கும்போது சுற்றுகிறேன் என்று சொல்கிற பொருளை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் நானே அதுவாக இருந்தேன். அதை நம்பி ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் உன்னிடம், பெரியவங்க சொன்னா கேளு என்று சொன்னேனே, எந்த வாயால் சொன்னேன்? பயம், ஏழுமலை. உன் சம்பளம் போய்விடுமே என்ற பயம், பெங்களூரில் என் பிள்ளை என்று சொல்லிக்கொள்வது நின்றுவிடுமே என்ற பயம். முதல் குவளைக் கூழ் போய்விடுமே என்று அன்று பயந்த அதே பயம்தான்.

அதனால் முதலில் என் பங்கைச் செய்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். நேற்று ஆடி வெள்ளி, கூழ் வார்த்தார்கள். வழக்கம்போல் முதல் குவளையை என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. வீட்டிலிருந்தே ஒரு சொம்பு எடுத்துப் போயிருந்தேன். குழாயடியில் அதை நிரப்பிக் கோயில் எதிரே தரையில் வைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க என் தலையை இடதுபக்கம் சடாரென்று திருப்பினேன். வந்தது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எனக்கு ஊரே சுத்துது. அந்தத் தண்ணியப் பாருங்க, ஆடுதா? இது ஆத்தா இல்ல. காதுல கோளாறு. அப்பவும் இதான். எம்புள்ள அன்னிக்கே சொன்னான், நான் அவன அறைஞ்சேன்" என்றேன். பூசாரி, "இன்னா பேச்சு இது, நல்ல நாள்ல" என்று முனகினார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி, "அப்ப இத்தினி வருசம் எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

உன் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் கூட்டத்தில் வாயே திறக்காதவர், உனக்குத் தெரியுமே. "எம்புள்ள அன்னிக்கே சொன்னான்" என்று நான் சொன்னதை அவரும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார், யாரும் கேட்காமலேயே.

கூட்டம் கலைந்த பிறகு வேண்டா என்னிடம் வந்தாள். அவளிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குள் அவளே பேசினாள். "எனக்குத் தெரியும்க்கா. ஆத்தா அடிச்சிருந்தா கை நடுங்கியிருக்காது, உனக்கு நடுங்கிச்சு. அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். பதிமூன்று வருஷம் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். அவள் பின்னாலேயே சுமதி நின்றாள். பிளஸ் டூ படிக்கிறாள், என்னைவிட உயரம். சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "பெரிம்மா, அண்ணன் ஆடிக்கு வரலியா? நான் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். அந்தத் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வாயைத் திறந்ததால் உயிரோடு நடமாடுகிற பெண் அவள்.

உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்படுகிறேன் என்று உன்னிடம் நேராகச் சொன்னதே இல்லை. நீ முதல் வகுப்பில் தேறியபோதும் சொல்லவில்லை, வேலை கிடைத்தபோதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் சில்லுக்காக இல்லை. பன்னிரண்டு வயதில் ஊரே கும்பிட்டு நிற்கும்போது நடுவில் புகுந்து, உன் அம்மாவையே பொய் என்று சொன்னாயே, அதற்காக. அந்தக் கன்னத்தில் அறைந்தது என் கைதான், அதை நான் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அன்று நீ கொடுத்த வாக்கைத் திருப்பிக் கொடுக்க முடியும். வாயைத் திறக்கமாட்டேன் என்றாயே, அந்த வாக்கை நீயே திரும்ப எடுத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

புதன்கிழமை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. உன் அதிகாரி எதிரே அந்தச் சில்லை மேசைமேல் வைத்து, எஞ்சின் சூட்டுக்குச் சூடாக்கிக் காட்டு. வேலை போனால் போகட்டும். உன் நைனாவுக்குச் சல்லடை சுற்ற ஆள் துணை வேண்டுமாம், சொல்லச் சொன்னார். நீ உன் அதிகாரியிடம் பேசிவிட்டு வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டியா என்றுதான் கேட்பேன். நான் அறைந்த நாளிலிருந்து எனக்குச் "சரிம்மா" மட்டும் சொல்லிப் பழகிவிட்டாய். அன்றைக்கு ஒரு தடவை, "மாட்டேன்னுட்டேம்மா" என்று சொல். நான் கேட்க வேண்டும்.

உன் அம்மா